மின்னல் குடியிருந்த அங்கி

ஹம்மாது மாட்டைக் கண்டால் தெருவின் அந்தப் பக்கம் போய்விடுவார். மாட்டுக்குப் பயந்தவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், இதில் என்ன இருக்கிறது என்று நினைக்கலாம். ஆனால் ஹம்மாது ஃபுலானி. பரம்பரையாக மாடு மேய்க்கிற இனம். அவர் மாட்டுக்குப் பயப்படுவது, மீனவன் கடலைக் கண்டு குடையைத் தேடுவது மாதிரி. பத்து வயதில் ஒரு காளை துரத்தியதில் மரத்தில் ஏறியவர், பொழுது சாயும்வரை இறங்கவில்லை. இறங்கியதும் நேராகக் கானோ நகரத்துக்கு லாரி ஏறிவிட்டார் என்று சொல்வார்கள். நடுவில் சில வருடங்கள் இருந்தன, ரேடியோ பழுது பார்க்கக் கற்றார், கல்யாணம் செய்தார். ஆனால் கதைக்கு அதெல்லாம் வசதிப்படாது என்பதால் கச்சல்லா அவற்றை விட்டுவிடுவார்.

கச்சல்லா, ஹம்மாதுவின் போன் பழுதுபார்க்கும் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். போன் சந்தையில் இருந்தாலும் போனுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. தொப்பி வெளுக்கிறவர். பூவேலை செய்த தொப்பிகளைத் துவைத்து, கஞ்சி போட்டு, கவிழ்த்த குடுவைகளின் மேல் வரிசையாக மாட்டிக் காயவைப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் தலையில்லாத ஒரு பஞ்சாயத்து உட்கார்ந்திருப்பது போலத் தெரியும். அவர் கானூரி.

ஃபுலானிக்கும் கானூரிக்கும் எங்கள் பக்கம் கேலி முறை. அத்தை மகனும் மாமன் மகளும் வாயாடிக்கொள்வார்களே, அது போல, ஆனால் இரண்டு இனத்துக்கும் சேர்த்து மொத்தமாக. முன்பின் தெரியாத இருவர் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால்கூட, ஊர் பேர் விசாரித்த கையோடு, "அட, நீ எங்க வீட்டு அடிமையாச்சே" என்று ஒருவர் தொடங்கிவிடுவார். கோபம் வரக் கூடாது. வந்தால் தோற்றதாகக் கணக்கு. ஒருவர் பொருளை மற்றவர் தூக்கிக்கொண்டு போய் வைத்துக்கொண்டு, மீட்க என்ன தருவாய் என்று கேட்கலாம். அதற்கும் முறை உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே எழுதப்படாத விதி ஒன்று இருக்கிறது. கேலி முறைக்காரன் வாயிலிருந்து வருகிற எதையும் நம்பக் கூடாது. ஹம்மாதுவுக்கு வந்த வம்பு அந்த விதியால் வந்தது.

நான் ஊர்களெல்லாம் சுற்றிவிட்டு ஹர்மாட்டான் காலத்தில் கானோ திரும்பினேன். பாலைவனத்திலிருந்து வறண்ட காற்று புழுதியைச் சுமந்துகொண்டு வந்து இறங்கும் மாதங்கள் அவை. உதடு வெடிக்கும், மரக்கதவு சுருங்கி இடைவெளி விடும், போர்வையை உதறினால் பொறி தெறிக்கும். என் அப்பாவழிப் பெரியம்மா ஹஜ்ஜியா தபாவாவின் பெயரில் சந்தையில் ஒரு வரிசைக் கடைகள் இருந்தன. அந்த வரிசைக்கே "தபாவா வரிசை" என்று பெயர். பெரியம்மா என்னை வாசலில் கட்டித் தழுவி முடிப்பதற்குள்ளேயே தன் கவலையைச் சொன்னார். சந்தையில் இப்போது யாரும் தபாவா வரிசை என்று சொல்வதில்லை, போன் கல்லறை என்கிறார்களாம்.

"எல்லாம் அந்த ஹம்மாதுவால. கைராசிக்காரன்னு பேர் வாங்கினவன். இப்ப அவன் தொட்டா போன் செத்துப்போகுது. சொல்லிட்டேன், இன்னும் ஒண்ணு செத்தா கடையைக் காலி பண்ணிட்டு வேற சந்தை பாருன்னு."

கைராசி என்று ஊர் சொன்னது சும்மா இல்லை. மழைக்காலம் முழுக்க ஹம்மாது செத்த போன்களைப் பிழைக்க வைத்திருந்தார். சார்ஜ் ஏறாத போன் வரும். மற்ற கடைகளில் நாலு நாள் ஆகும், அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். ஹம்மாது மூடியைக் கழற்றுவார், சார்ஜ் வயர் சொருகுகிற வாயின் அருகே பூதக்கண்ணாடியை வைத்துப் பார்ப்பார், அரிசிக் குருணையைவிடச் சின்னதான ஒரு துண்டைச் சூடுகாட்டிப் பிடுங்கி எறிவார். உடனே சார்ஜ் ஏறும். வாடிக்கையாளர் கையைப் பிடித்துக் குலுக்குவார். அந்தத் துண்டு எதற்கு இருந்தது என்று கேட்டால், "அது ஒரு சோம்பேறி, வழியை மறிச்சுப் படுத்திருந்துச்சு" என்பார். அது இல்லாமலே போன் ஓடுகிறபோது அது எதற்கு என்று யாரும் மேலே கேட்கவில்லை. சந்தையில் எல்லாருமே அப்படித்தான் பிடுங்குகிறார்கள். ஹம்மாது மற்றவர்களைவிட வேகமாகப் பிடுங்குவார், அவ்வளவுதான்.

அந்தப் புகழின் உச்சியில் அவர் தனக்கு ஓர் அங்கி தைத்துக்கொண்டார். நல்ல பருத்தியில் கஞ்சி போட்டு, கட்டையால் அடித்துப் பளபளப்பு ஏற்றிய துணிதான் பெரிய மனிதர்கள் உடுத்துவது. ஹம்மாது துணிச் சந்தையில் அதையெல்லாம் தள்ளிவிட்டு, செயற்கை நூலில் நெய்த ஒரு நீலத் துணியை எடுத்தார். கஞ்சி வேண்டாம், இஸ்திரி வேண்டாம், வெயிலில் நின்றால் கண் கூசும். கைகள் இரண்டிலும் மடித்து மடித்துத் தோளில் ஏற்றிவிட்டுக்கொள்ளும் அளவுக்கு அகலம். அவர் நடந்தால் சரசரவென்று சத்தம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். வீட்டில் அவர் மனைவி டிக்கோ, தனக்கு ஒரு சக்களத்தி வந்துவிட்டாள், நீலமாக இருக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கச்சல்லாவுக்கு அந்த அங்கியைப் பார்த்த நாளிலிருந்தே ஆகவில்லை. கஞ்சி ஏறாத துணி துணியே இல்லை என்பது அவர் கட்சி. அதனால் ஹர்மாட்டான் தொடங்கி, ஹம்மாதுவின் மேஜையில் போன்கள் சாக ஆரம்பித்தபோது அவர் சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை.

முதலில் ஒரு பள்ளி ஆசிரியரின் போன். மழைக்காலத்தில் பிழைத்தது, திரை மாற்ற மறுபடி வந்தது. மாற்றி முடித்துச் சார்ஜ் வயரைச் சொருகினார் ஹம்மாது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். திரை இருண்டது. வயர் கெட்ட வயர் என்றார். அடுத்தது ஒரு லாரி ஓட்டுநரின் போன், அதற்கும் டிக். போன் கெட்ட போன் என்றார். மூன்றாவதற்குப் பிறகு மேஜையை வேறு பக்கம் திருப்பிப் போட்டார், வாசலில் தண்ணீர் தெளித்தார், வெள்ளிக்கிழமை தர்மம் செய்தார். தண்ணீர் தெளித்த அன்று ஒன்றும் சாகவில்லை. அது தர்மத்தின் பலன் என்று எடுத்துக்கொண்டார்.

கச்சல்லாவுக்குப் படிப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் தினமும் காலையில் ஹம்மாதுவுக்குக் கை கொடுக்கிறவர் அவர். கொடுத்த கை ஒவ்வொரு நாளும் சுரீர் என்றது. பயறு வடையும் கஞ்சியும் வாங்கிக்கொண்டு எல்லாரும் கூடியிருந்த ஒரு காலையில், கையை உதறிக்கொண்டே சொன்னார்:

"யோவ் ஃபுலானி, உன் அங்கிக்குள்ள மின்னல் குடியிருக்கு. அதுதான் போனை அடிக்குது. கழட்டிப் போட்டுட்டு வேலையைப் பாரு."

வரிசையே சிரித்தது. ஹம்மாதுவும் சிரித்தார். "கானூரி கண்ணு என் அங்கி மேல பட்டிருக்கு. வேணும்னா கெஞ்சிக் கேளு, பழசானதும் தர்றேன்."

அன்று கச்சல்லா சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சத்தியமாகச் சொல்கிறேன் என்றார். அதற்கு முன்னைவிடப் பெரிய சிரிப்பு. கானூரி சத்தியமாம், கேட்டுக்கொள்ளுங்கள் என்று வடை விற்கிறவள்கூடச் சொன்னாள். பிறகு அவர் என் பெரியம்மாவிடம் வந்து சொல்லிப் பார்த்தார். பெரியம்மா ஹவுசா, கேலி முறையில் சேராதவர். ஆனாலும் தன்னை வைத்து ஹம்மாதுவை அம்மணமாக்கப் பார்க்கிறான் என்று முடிவு கட்டி, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். டிக்கோவிடம் போனார். டிக்கோ ஃபுலானி, முறைப்படி ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். என்னிடமும் வந்தார். என் அம்மா ஃபுலானி, ஆக நானும் பாதி எதிர்க்கட்சி. உண்மை பேச வேண்டியிருந்த ஒரு நேரத்தில், வாழ்நாள் முழுக்கச் செய்த கேலி அவர் வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

அதனால் அவர் முறை அனுமதித்த ஒரே வழியில் போனார். மதியத் தொழுகைக்குக் கை கால் கழுவ ஹம்மாது அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிய நேரம், கச்சல்லா அதைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். தொழுதுவிட்டு வந்தவரிடம், சிறைப்பிடித்தாயிற்று என்று அறிவித்தார். மீட்க வேண்டுமானால் ஒரு சுரைக்குடுவை நிறைய, கம்பு உருண்டை கரைத்த மோர். அதையும் ஹம்மாது தன் கையால் பால்காரப் பெண்களிடம் போய் வாங்கி வர வேண்டும்.

பால்காரப் பெண்கள் உட்காருவது மாட்டுச் சந்தை வேலியை ஒட்டி. கச்சல்லா யோசிக்காமல் கேட்கிறவர் அல்ல.

ஹம்மாது மறுத்துவிட்டார். ஓர் அங்கிக்காக ஒரு கானூரிக்குப் பால் சுமப்பதைவிட வெறும் உடம்போடு இருப்பேன் என்றார். வெறும் உடம்போடு இருக்கவில்லை. டிக்கோ ஒட்டுப் போட்ட பழைய பருத்திச் சட்டை ஒன்றில் வந்து உட்கார்ந்தார். ஆட்கள் போகும்போதும் வரும்போதும் துக்கம் விசாரித்தார்கள். சிறையில் இருப்பவர் சௌக்கியமா என்று கச்சல்லாவிடமும் கேட்டார்கள். அவர் சாப்பிட மறுக்கிறார், கஞ்சி கொடுத்தால் குடிக்கமாட்டேன் என்கிறார் என்று கச்சல்லா பதில் சொன்னார்.

அந்த நாட்களில்தான் காற்று மிகவும் வறண்டது. எதிர்க்கடைப் பலகை தெரியாத அளவுக்குப் புழுதி. போன்கள் சாவதற்கு அதைவிடத் தோதான நாட்கள் கிடையாது. ஒன்றுகூடச் சாகவில்லை.

ஹம்மாது வீண்பெருமைக்காரர், ஆனால் முட்டாள் இல்லை. முதல் இரண்டு நாள் தன் கைராசி திரும்பிவிட்டது என்று மகிழ்ந்தார். மூன்றாம் நாள் மகிழ்ச்சி போய் யோசனை வந்தது. அங்கிதான் அடிக்கிறது என்றால் எல்லாப் போனையும் அடித்திருக்க வேண்டும். சிலது ஏன் பிழைத்தது, சிலது ஏன் செத்தது? செத்தவற்றைப் பெட்டியிலிருந்து எடுத்து மேஜையில் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் மழைக்காலத்தில் அவர் கையால் பிழைத்தவை. எல்லாவற்றிலும் சார்ஜ் வாயின் அருகே அந்தக் குருணைத் துண்டு இருந்த இடம் காலியாக இருந்தது.

அன்று மாலை வீட்டில் சோற்றைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாராம். டிக்கோ என்ன என்று கேட்டதற்கு, நாளெல்லாம் கோர்த்து வைத்ததைச் சொன்னார். வெளியிலிருந்து வருகிற மின்னல் வயர் சொருகுகிற வாய் வழியாகத்தான் போனுக்குள் நுழைகிறது. அந்த வாசலில் நிற்கிறது அந்தச் சின்னத் துண்டு. வருகிற அடியைத் தான் வாங்கிக்கொண்டு, உள்ளே விடாமல் தரைக்குத் தள்ளிவிடுகிறது. தாங்க முடியாத அடி விழுந்தால் நின்ற இடத்திலேயே செத்து, வாசலுக்குக் குறுக்கே விழுகிறது. சார்ஜ் ஏறாமல் போவது அப்போதுதான்.

"நான் அதைச் சோம்பேறின்னு தூக்கிப் போட்டேன் டிக்கோ. அது காவல்காரன். வீட்டைக் காப்பாத்திட்டு வாசல்ல செத்துக் கிடந்திருக்கு. நான் பொணத்தை இழுத்துப் போட்டுட்டு, கதவைத் திறந்து வச்சுட்டு, திருடன் அங்கியையும் மாட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அப்படியென்றால் கச்சல்லா சொன்னது உண்மையா என்று டிக்கோ கேட்டார். ஹம்மாது சோற்றுத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். போனைச் சரி செய்ய அவருக்கு வழி தெரிந்துவிட்டது. கழித்துப்போட்ட பழைய போன்களிலிருந்து உயிருள்ள காவல்காரர்களை எடுத்து, காலியான வாசல்களில் மறுபடி வைத்து ஒட்டவேண்டியதுதான். ஆனால் ஒரு கானூரி சொன்னது உண்மை என்று ஒரு ஃபுலானி ஒப்புக்கொள்ள வழி எதுவும் தெரியவில்லை. அப்படி ஒன்று நடந்ததாக அவர் கேள்விப்பட்டதும் இல்லை.

மறுநாள் பெரியம்மா தன் போனை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அதில் சார்ஜ் வாய் ஆடிப்போய், வயர் நிற்கவில்லை. வேறு கடையில் கொடுத்திருக்கலாம். ஆனால் அவருக்கு முடிவு தெரிய வேண்டியிருந்தது. இது பிழைத்தால் ஹம்மாது இருக்கட்டும், செத்தால் சாயங்காலமே சாவியை வாங்கிவிடுவேன் என்று வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். அதனால் நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது.

இந்தச் செய்தி டிக்கோவுக்கு விடிந்ததுமே போயிருந்தது. கடைச் சொந்தக்காரி வருகிறார், ஊரே பார்க்கப் போகிறது, அப்போது தன் வீட்டுக்காரர் ஒட்டுப் போட்ட சட்டையில் உட்கார்ந்திருப்பதா? டிக்கோ புருஷனிடம் சொல்லாமல் பால்காரப் பெண்களிடம் போய், குடுவை நிறைய மோர் வாங்கி, தலையில் சுமந்துவந்து கச்சல்லா முன் வைத்துவிட்டார். கட்டியவள் கையும் ஹம்மாதுவின் கைதான் என்று வாதாடினார். கச்சல்லாவுக்குத் தர்மசங்கடம். மீட்புப் பொருள் வந்த பிறகு சிறைப்பிடித்ததை வைத்துக்கொள்வது முறை அல்ல. முறைப்படி, எல்லார் முன்னாலும், அந்த அங்கியை அவரே ஹம்மாதுவின் தலைவழியே மாட்டிவிட வேண்டியதாயிற்று. மாட்டும்போதே அது படபடவென்று பொரிந்தது.

ஆக, நாங்கள் போனபோது ஹம்மாது நீலமாக உட்கார்ந்திருந்தார். முகத்தில் மட்டும் ரத்தம் இல்லை. பெரியம்மா போனை மேஜையில் வைத்தார். அவர் அதைத் தொடாமலே அடையாளம் கண்டுகொண்டார். மழைக்காலத்தில் அவரே பிழைக்க வைத்த போன் அது. உள்ளே காவல்காரன் இல்லை.

அங்கியைக் கழற்றினால் கச்சல்லா சொன்னது உண்மை என்று வரிசை முழுக்கத் தெரிந்துவிடும். கழற்றாவிட்டால் கடை போய்விடும். இரண்டில் எது பெரிது என்று நமக்கு உடனே தெரிகிறது. ஒரு ஃபுலானிக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அவர் கை மடிப்புகளைத் தோளில் ஏற்றிவிட்டுக்கொண்டார், அங்கி சரசரத்தது. போனை நோக்கிக் கையை நீட்டினார்.

"வேணாம் ஹம்மாது."

கச்சல்லா தன் கடையிலிருந்து மெதுவாகத்தான் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் சிரிக்க அதில் ஒன்றும் இல்லை. ஃபுலானி என்றோ, அடிமை என்றோ, மாட்டுக்குப் பயந்தவனே என்றோ அவர் கூப்பிடவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கடையில் இத்தனை வருடம் உட்கார்ந்தும், அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் தனியாக வந்து யாரும் கேட்டதில்லை.

ஹம்மாதுவின் கை நடுவிலேயே நின்றது. கச்சல்லாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்தார், அங்கியைத் தலைவழியே உருவி வாசல் ஆணியில் மாட்டினார். ரப்பர் செருப்பையும் கழற்றினார். வெறுங்காலோடு கச்சல்லாவின் ஈரத் தரைக்கு நடந்துபோய், தொப்பி ஊறிக்கொண்டிருந்த இரும்பு பேசினில் இரண்டு கையையும் முழங்கை வரை முக்கினார். விளிம்பில் விரல் பட்டபோது, உடம்பில் மிச்சமிருந்த மின்னல் தரைக்கு இறங்க, டிக் என்று கேட்டது. முன்வரிசையில் நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

கூட்டம் வாயைத் திறக்குமுன் அவரே திறந்தார். "என்னய்யா தண்ணி இது, நாறுது. கானூரித் தலையெல்லாம் இதுலதான் ஊறுதா?"

அப்போதுதான் கூட்டத்துக்கு மூச்சு வந்தது. கச்சல்லாவுக்கும் வந்திருக்க வேண்டும். "என் தண்ணில கை நனைச்சவன் சாகுறவரைக்கும் எனக்கு அடிமை. சாட்சிக்கு ஆள் இருக்கு" என்றார்.

ஹம்மாது பெஞ்சை இழுத்து ஈரத் தரை ஓரத்திலேயே போட்டுக்கொண்டார். போனைத் திறந்து, ஆடிப்போன வாயை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார். அதன் இரும்பு ஓட்டின் கால்கள் அத்தனையையும், மின்னலைத் தரைக்கு இறக்கும் தடத்தோடு சேர்த்து ஒட்டினார். வழக்கமாக இரண்டு காலோடு நிறுத்திக்கொள்வார். பிறகு பூதக்கண்ணாடிக்குக் கீழே, காலியாக இருந்த இடத்தில் ஒரு குருணையை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு சூடு காட்டினார். அது என்ன என்று பெரியம்மா கேட்டார். காவல்காரர் என்றார், போன தடவை நான் விரட்டிவிட்டேன், மன்னிப்புக் கேட்டு அழைத்து வந்திருக்கிறேன் என்றார். வயரைச் சொருகினார். திரையில் மின்கலப் படம் எழுந்து நிரம்பத் தொடங்கியது. பெரியம்மா அது கொஞ்சம் ஏறும்வரை அசையாமல் நின்று பார்த்தார். அப்புறம் போனை வாங்கிக்கொண்டு, சாவியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வாசலை நன்றாகப் பெருக்கிவை என்று சொல்லிவிட்டு நடந்தார். அது போதும் என்று வரிசைக்குத் தெரியும்.

மழைக்காலத்தில் பிழைக்க வைத்த போன்களையெல்லாம் ஹம்மாது திரும்பக் கூப்பிட்டு வாசலுக்கு ஆள் வைத்துக்கொண்டிருக்கிறார். ஏற்கனவே செத்தவற்றின் சொந்தக்காரர்களுக்கு வேறு போன்களைத் தேற்றிக் கொடுத்தார். ஆசிரியர் வாங்கிக்கொண்டார், லாரி ஓட்டுநர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் போகிறார். நீல அங்கி வெள்ளிக்கிழமைக்கு மட்டும். தொழுகை முடிந்து அவர் கை நீட்டினால் ஆட்கள் நெஞ்சில் கை வைத்து ஸலாம் சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள்.

அவர் கச்சல்லாவுக்கு நன்றி சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? ஆனால் இப்போதும் காற்று வறண்ட காலைகளில் கடை திறக்கும் முன் அந்த ஈரத் தரைக்குப் போய் நின்று கையை நனைத்துக்கொள்கிறார். தொப்பி ஊறும் பேசினில் அல்ல. அதன் பக்கத்தில் சின்னதாக ஓர் இரும்புக் கிண்ணம் புதிதாக வந்திருக்கிறது, அதில் தினமும் நல்ல தண்ணீர் நிறைந்திருக்கிறது. அது யாருக்கு என்று நான் ஒருநாள் கச்சல்லாவிடம் கேட்டேன்.

"ஆட்டுக்கு வச்சேன்" என்றார், தொப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சந்தையில் ஆடு எதுவும் கிடையாது.